நான்காம் குழாய்க் கம்பி

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியைப் படித்ததும் சிரிப்பார்கள். ஈப்போ புந்தோங்கில் ராமையா என்று விசாரித்தால், "யாரு, புளுகு ராமையாவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். தாப்பா பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு புலி உட்கார்ந்து வந்தது, நடத்துநர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார் என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். அது பொய். முழு டிக்கெட்தான் கிழித்தார்.

இது அந்த வகை இல்லை. இதற்குச் சாட்சி இருக்கிறது. சாட்சி மனிதன்கூட இல்லை, ஒரு பெட்டி. பெட்டிக்குப் புளுகத் தெரியாது.

இன்னொன்று. பேய்க் கதை என்றதும் நடுச்சாமம், ஆந்தை, அமாவாசை என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். இது வெள்ளிக்கிழமை, பட்டப்பகல் ஒரு மணி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. என் கையில் அப்போதுதான் பிரித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இருந்தது.

கோப்பேங் போகும் வழியில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில், ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் குழி இருக்கிறது. மலையை வெட்டி முடித்துவிட்டு இப்போது தரைக்குக் கீழே வெட்டிக்கொண்டு போகிறார்கள். படிப்படியாக இறங்கும் கிண்ணம் மாதிரி இருக்கும். அதன் அடியில் குகைகள். ஈப்போ பக்கத்துப் பாறையே அப்படித்தான், உள்ளே பொந்து பொந்தாக இருக்கும். மேலே ஐம்பது டன் மண்வாரி நிற்கும். அதற்குக் கீழே எத்தனை அடி பாறை, எத்தனை அடி வெறும் காற்று என்று கண்ணால் பார்த்தால் தெரியாது.

தெரிந்துகொள்வதற்கு ஏழு குழாய்கள் இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஓர் எஃகுக் கம்பி. கம்பியின் கீழ்முனை குகையின் கூரையில் சிமெண்ட் வைத்து இறுக்கப்பட்டிருக்கும். மேல்முனை, முக்காலி என்று நாங்கள் சொல்லும் மூன்று கால் தாங்கியில் உள்ள கப்பியில் ஏறி, ஒரு இரும்புக் குண்டோடு தொங்கும். கூரை இறங்கினால் கம்பி இறங்கும், கப்பியோடு சேர்ந்த அளவுமுள் நகரும். ஒவ்வொரு வெள்ளியும் நான் முள்ளைப் பூஜ்யத்தில் வைப்பேன். அடுத்த வெள்ளி போய்ப் பார்ப்பேன். அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் எழுதிவிட்டுப் போகலாம். மூன்று என்றால் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். பத்து என்றால் அபாயச் சங்கை ஊதி எல்லாரையும் வெளியேற்ற வேண்டும்.

ஏன் வெள்ளிக்கிழமை? மற்ற நேரமெல்லாம் இயந்திரங்கள் ஓடும், முள் நடுங்கிக்கொண்டே இருக்கும். வெள்ளி மதியம் பன்னிரண்டே காலுக்கு எல்லாரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். இரண்டே முக்கால் வரை ஒரு இயந்திரமும் ஓடாது. குழி முழுக்க ஒரு சத்தம் இருக்காது. அந்த இரண்டரை மணி நேரம் என்னுடையது.

என்னுடையதும், சுரேனுடையதும். சுரேன் மண்வாரி ஓட்டுபவன். முப்பத்திரண்டு வயது, நல்ல பையன், தூங்குமூஞ்சி. தொழுகை நேரத்தில் குழியின் அடித்தரையில் தன் மண்வாரியின் நிழலில் பாய் விரித்துப் படுத்துவிடுவான். அபாயம் என்று நான் நட்டிருந்த சிவப்புக் கொடிகளுக்கு வெளியேதான் படுப்பான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

அன்றும் கீழே இறங்கும்போது என்னைப் பார்த்துக் கத்தினான்.

"பெருசு! அம்மா கேட்டாங்க. அடுத்த மாசம் படையலுக்கு வந்துருவீங்கள்ல?"

"கோழியா ஆடாடா?"

"ரெண்டும்லா. மொத எல உங்களுக்குத்தான்."

முதல் இலை. அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஐம்பத்தோரு வருடத்துக்கு முன்னால் இந்த இடம் தோட்டமாக இருந்தபோது, தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு கிணறு வெட்டினோம். எனக்குப் பதினெட்டு வயது. நான் கயிறு பிடிப்பவன். கீழே இறங்கி வெட்டியவர் அர்ச்சுனன் அண்ணன். சுரேனின் தாத்தா. கிணற்றுக்குள்ளிருந்து கத்தினால் மேலே கேட்காது. அதனால் கயிற்றில்தான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால், 'பிடிச்சிருக்கேன், விட மாட்டேன்.' அது மேலே இருப்பவன் மட்டும் கொடுப்பது. மற்ற இரண்டும் கீழே இருப்பவன் கொடுப்பது. இரண்டு இழுப்பு என்றால், 'தூக்கு.' மூன்று என்றால், 'விட்டுட்டு ஓடு.' கிணற்றின் வாய் சரிந்து, கயிறு பிடித்தவனையும் சேர்த்து இழுக்கப் போகிறது என்றால் கொடுக்க வேண்டியது அது. யாராவது கொடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கீழே தொங்குகிறவன் அதை எதற்குக் கொடுப்பான்?

அர்ச்சுனன் அண்ணன் கொடுத்தார். அப்படித்தான் எல்லாருக்கும் தெரியும். நாற்பதடியில் கிணற்றின் அடி உடைந்து கீழே இருந்த குகைக்குள் போனது. அவர் மூன்று முறை இழுத்தார். நான் கயிற்றை விட்டேன். அவர் போனார், நான் பிழைத்தேன். உடல் கிடைக்கவில்லை. அவருடைய மகள் நல்லம்மாளுக்கு அப்போது ஆறு மாதம். வருடா வருடம் அந்த வீட்டுப் படையலில் முதல் இலை எனக்குத்தான். "எங்கப்பா உயிரக் குடுத்துக் காப்பாத்துன உயிரு," என்று சொல்லித்தான் நல்லம்மாள் சோறு போடும்.

பிறகு தோட்டம் விற்றுப் போனது. மரமும் லயமும் போய்விட்டன. கிணறு எந்த இடம் என்று அடையாளம் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

சரி. அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

12.40. முதல் குழாய். 0.2. எழுதினேன்.

12.48. இரண்டாவது. 0.3. மூன்றாவது அசையவே இல்லை.

நான்காம் குழாய் அடித்தரைக்கு மேலே உள்ள முதல் படியில் இருக்கிறது. அதன் கீழே உள்ள குகைக்குத்தான் கூரை ஆக மெலிசு, ஏழு மீட்டர். அதனால் எங்கள் பொறியாளர் அனுஜா அதற்கு மட்டும் ஒரு பதிவுப் பெட்டி பூட்டியிருந்தார். கம்பி கொஞ்சம் அசைந்தாலும் மணி, நிமிடம், நொடியோடு பெட்டி குறித்துக்கொள்ளும். அனுஜா அன்று தஞ்சோங் மாலிமில் ஏதோ பயிற்சி என்று போயிருந்தார்.

1.02. நான்காம் குழாய். முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

ஒரு வாசனை வந்தது.

நனைந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை. அந்தக் குழியில் நார்க்கயிறு கிடையாது. எல்லாம் எஃகு, நைலான். குனிந்து பார்த்தேன். வாசனை குழாயின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கம்பியைத் தொட்டேன். ஈரம். சில்லென்றிருந்தது. மூன்று வாரமாக மழை இல்லை, அது வறண்ட குழாய்.

முள்ளைப் பார்த்தேன். பூஜ்யத்துக்கு மறுபக்கம் நின்றது. ஒரு மில்லிமீட்டர் மேலே. குகையின் கூரை மேலே ஏறுமா?

1.05. இரும்புக் குண்டு துள்ளியது.

ட்டக்… ட்டக்.

நின்றது.

நான் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினேன். பத்து நொடி. மறுபடி…

ட்டக்… ட்டக்.

இரண்டு.

எலி கடித்திருக்கும், கம்பி முறுக்கியிருக்கும், வெயிலுக்கு நீண்டிருக்கும் என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வலது கை எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து, ஒரு முறை இழுத்தது.

ஒரே ஒரு இழுப்பு. பிடிச்சிருக்கேன், விட மாட்டேன்.

ஐம்பத்தோரு வருடமாகக் கை மறக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்த தப்பு. 1.08.

கம்பி கனத்தது.

எப்படிச் சொல்வது… ஒரு ஆள் கனம். இடுப்பில் கயிறு கட்டிய ஆள் தரையிலிருந்து காலைத் தூக்கினால் கயிற்றில் ஏறும் கனம். என் உள்ளங்கைக்கு அது தெரியும். பயந்துபோய்ப் பிடியைத் தளர்த்தினேன். முள் சர்ரென்று இறங்கியது. மூன்று மில்லிமீட்டர்.

மறுபடி இறுக்கினேன். முள் நின்றது.

தளர்த்தினேன். நகர்ந்தது. இறுக்கினேன். நின்றது.

கூரையைத் தூக்கிப் பிடித்திருப்பது நான்தான். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. சிரிக்காதீர்கள். சர்க்கரை வியாதியும் முழங்கால் வலியும் உள்ள ஒரு கிழவன், ஒரு குகையின் கூரையை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கூரை கொடிகளைத் தாண்டியும் போகிறது என்றால் அதன் மேல்தான், எண்பது மீட்டர் தள்ளி அடித்தரையில், நிழலில் சுரேன் தூங்கிக்கொண்டிருந்தான்.

கத்தினேன். "சுரேன்! டேய் சுரேன்!"

அசையவில்லை. காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு தூங்குவான். குழிக்குள் கைப்பேசி எடுக்காது. சங்கின் பொத்தான் மேலே அலுவலகத்தில், பத்து நிமிட நடை. போக வேண்டுமானால் கம்பியை விட வேண்டும். விட்டால் சுரேன் தரையோடு போய்விடுவான். விடாவிட்டால் அவனை எழுப்ப வழி இல்லை.

1.20. கை வழுக்கியது. 4.5.

ட்டக்… ட்டக். தூக்கு.

"முடியலண்ணே," என்றேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

1.41. விரல் மரத்துப் போனது. 6.

ட்டக்… ட்டக்.

தலைக்கு நேர் மேலே சூரியன். எனக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அன்று கிணற்றில் மூன்று இழுப்பு வரவில்லை.

இரண்டுதான் வந்தது.

தூக்கு என்றுதான் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். என்னோடு கயிறு பிடித்த மற்ற இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். என் காலடியில் மண் ஆடியது. நான் பயந்து விட்டுவிட்டேன். கயிறு கப்பியில் ஓடிய சத்தம்… அது முடிவதற்குள் நான் ஓட ஆரம்பித்திருந்தேன். லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று என்று ஆகியிருந்தது. அதுதான் என் முதல் புளுகு. புலியெல்லாம் பிறகு வந்தது.

1.58. 8.

உள்ளங்கை கிழிந்து கம்பி சிவப்பாகியிருந்தது.

ட்டக்… ட்டக்.

"விட மாட்டேன்."

ட்டக்… ட்டக்.

"விட மாட்டேண்ணே."

2.05. 9.5.

குழாய்க்குள்ளிருந்து மூச்சு மாதிரி ஒரு காற்று…

2.07.

ட்டக்…

ட்டக்…

ட்டக்.

மூன்று.

நான் அசையவில்லை. மூன்றா? எண்ணியது சரியா? இல்லை, அன்று மாதிரி எனக்கு வேண்டியதை எண்ணிக்கொண்டேனா?

கம்பியின் கனம் போனது. யாரோ கீழே கையை எடுத்துவிட்ட மாதிரி.

விட்டேன். ஓடினேன்.

முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. படியோடு ஓடி, மண்வாரிக்கு நேர் மேலே விளிம்பில் நின்று தலைக்கவசத்தைக் கழற்றி வீசினேன். அது மண்வாரியின் இரும்புக் கையில் பட்டது. டணார்!

சுரேன் காதிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு துள்ளி எழுந்தான்.

"யோவ் பெருசு! மண்டையில விழுந்திருந்தா?"

"தரை எறங்குதுடா! மேல ஓடி வா!"

அவன் சுற்றிலும் பார்த்தான். தரை தரையாகத்தான் இருந்தது. சிரித்தான்.

"புலியும் கூட வருதா பெருசு?"

"சத்தியமாடா!"

"ஆமாலா, சத்தியம்!" என்று சொல்லிவிட்டுப் பாயில் மறுபடி சாய்ந்தான்.

நாற்பது வருடம் ஊரைச் சிரிக்க வைத்ததற்குக் கூலி அந்த நொடியில் கிடைத்தது. என்ன சொன்னாலும் நம்ப மாட்டான். 2.09. கீழே எங்கோ பாறை விரிசல் விடும் சத்தம், பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி. அவனுக்குக் கேட்கவில்லை.

என்னிடம் இருந்த ஒரே உண்மையை எடுத்து எறிந்தேன்.

"உங்க தாத்தா மூணு இழுக்கலடா!"

அவன் தலையைத் தூக்கினான்.

"ரெண்டுதான் இழுத்தாரு! தூக்குன்னாரு! நான்தான்டா விட்டுட்டேன்! பயந்து விட்டுட்டேன்!"

குழி முழுக்க எதிரொலித்தது. விட்டுட்டேன்… விட்டுட்டேன்…

அவன் எழுந்தான். சிரிப்பு இல்லை. செருப்பைக்கூட மாட்டவில்லை. பாதையில் ஏறி வந்தான். முதலில் நடந்தான். பிறகு ஓடினான். முகத்தைப் பார்த்தேன். அடிக்கத்தான் வருகிறான்.

வாடா. வா. சீக்கிரம் வா.

என் முன்னால் வந்து நின்று கையை ஓங்கினான்.

2.11.

சத்தமே பெரிதாக இல்லை. ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். மண்வாரி, பாய், செருப்பு, நான் நட்ட கொடிகள், நான் சற்று முன் விட்டு வந்த முக்காலி… எல்லாம் அமைதியாகக் கீழே போயின. பிறகு புழுதி மேலே வந்தது.

புழுதி அடங்கும்வரை அவன் கை ஓங்கியபடியே இருந்தது.

இரண்டே முக்காலுக்கு எல்லாரும் திரும்பி வந்தார்கள். சுரேன் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனான். நான்கு நாள் கழித்து என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். இறங்கவில்லை.

"அம்மாகிட்ட நான் சொல்லல," என்றான். "படையலுக்கு வாங்க. எல முன்னாடி உக்காந்து நீங்களே சொல்லுங்க."

போய்விட்டான்.

மறுநாள் அனுஜா என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். பதிவுப் பெட்டி சரிந்த விளிம்பில் ஒரு பாறையில் சிக்கிக் கிடந்ததாம். கம்பி இல்லை. முக்காலியோடு கீழே போய்விட்டது. பெட்டியின் பக்கத்தில் அறுந்த நுனி மட்டும். ஆனால் பதிவு எல்லாம் அப்படியே இருந்தது.

"அங்கிள், கூரையை நீங்க பிடிச்சு நிறுத்தலை. அந்தப் பாறை ஆயிரக்கணக்கான டன்," என்றார்.

"தெரியும்மா. ஆனா முள்ளு நின்னுச்சே."

அவர் திரையைத் திருப்பினார். 1.05லிருந்து கோடுகள், இரண்டிரண்டாக. ஒரு மணி நேரம், இரண்டிரண்டாக. 2.07இல் நான் விரல் வைத்து எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றுதான். நான் புளுகவில்லை. ஐம்பத்தோரு வருடமாக நான் சொன்ன பொய்யை அந்த மனிதர் அன்று உண்மையாக்கிக் கொடுத்திருந்தார்.  இதை ஒரு தாளில் எடுத்துக் கொடுங்கள், நல்லம்மாளிடம் காட்ட வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"இன்னும் ஒன்னு இருக்கு அங்கிள்," என்றார் அனுஜா. "இதுதான் எனக்கு விளங்கலை. 2.11க்குக் கம்பி அறுந்துடுச்சு. அதுக்கப்புறம் பெட்டியில ஒன்னுமே வரக்கூடாது."

படத்தை நகர்த்தினார். 2.12, 2.15, 2.20… வெறும் நேர்கோடு.

2.26.

ஒரு கோடு. ஒன்றே ஒன்று. நிதானமாக, அழுத்தமாக.

"இது என்னா அங்கிள்?"

"பாட்டரி கெட்டிருக்கும்மா," என்றேன்.

அனுஜா தலையாட்டினார். என்னை நம்பியவர்களில் அவர்தான் கடைசி.

ஒரு இழுப்பு, மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குக் கொடுப்பது. இப்போது கீழே இருப்பது நான்.

பிடிச்சிருக்கேன். விட மாட்டேன்.